அக்கா வீட்டுக் கடல்தொட்டி

கரண்ட் போனால் அக்கா வீட்டில் ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் இருக்கும். மச்சான் இன்வெர்ட்டர் வாங்கியபோதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டார், முன்கூடத்துத் தொட்டிக்கு மட்டும் லைன் இழுத்தால் போதும் என்று. படுக்கையறை ஃபேனுக்கும் ஒன்று இழுத்துவிடலாமே என்று எலக்ட்ரீஷியன் கேட்டிருக்கிறார். "மனுசனுக்கு வேர்த்தா தொடச்சுக்கிருவான். மீனு எதை வச்சுத் தொடைக்கும்?" என்றாராம் மச்சான். இதை மச்சானேதான் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்போதும் கரண்ட் இல்லை. தொட்டியின் நீல வெளிச்சத்தில் அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மச்சான் சிங்கப்பூரில் கடல்மீன் விற்கும் கடையில் பல வருடம் வேலை பார்த்தவர். திரும்பி வந்து காரைக்குடியில் ஏசி பழுதுபார்க்கும் கடை போட்டார், அரியக்குடிச் சாலையில் வீடு கட்டினார், என் அக்காவைக் கட்டினார், பிறகு தொட்டி வைத்தார்.

ஆள் நீளக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே துளை துளையான கடற்கற்கள், வெள்ளை மணல். பெட்டியைத் தாங்கிய மர அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே இருக்கும் தண்ணீர் குழாய் வழியாக அந்த அடித்தொட்டிக்கு இறங்கும், தடுப்புத் தடுப்பாக வடியும், நுரை எடுக்கும் மெஷினில் புரளும், பம்ப் வழியாகத் திரும்ப மேலே ஏறும். காரைக்குடித் தண்ணீரின் ருசியைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். மச்சான் அந்தத் தண்ணீரை மெஷினில் விட்டு அதில் இருந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தார். பிறகு சென்னையிலிருந்து மூட்டையில் வந்த உப்பைக் கலக்கினார். ஒரு மாதத்துக்கும் மேலாக உள்ளே ஒரு மீன்கூட விடவில்லை. வெறும் கல், வெறும் தண்ணீர். பார்க்க வந்தவர்கள் இவருக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டார்கள்.

எனக்குத் தெரிந்திருந்தது. நான் தேவகோட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியன். கல்லின் துளைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேற வேண்டும், அம்மோனியாவை அவை உடைக்கப் பழக வேண்டும். அதன் பிறகுதான் அது தண்ணீர், அதுவரை விஷம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போவேன். சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்ப்பேன். அம்மோனியா ஏறி, இறங்கி, ஒருநாள் இல்லாமலே போனது. கரும்பலகையில் எழுதிக் காட்டுவதெல்லாம் இந்த வீட்டுக் கூடத்தில் உயிரோடு நடக்கிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு மீன்கள், இறால்கள், நத்தைகள், பவளம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

"டிகிரி வந்துட்டாரு. டிகிரிக்கு ஒரு காப்பி குடு" என்பார் மச்சான் என்னைக் கண்டதும். "ஆடு மேச்ச வீட்டுல டிகிரி. ஏப்பா மாப்ளே, ஒங்க அப்பா இருந்தா இந்தத் தொட்டியப் பாத்துட்டு, எங்குட்டு வாய வச்சுக் குடிக்கிறதுன்னு கேட்டிருப்பாருல்ல?"

நான் சிரித்து வைப்பேன். அக்கா காப்பியோடு வந்து நிற்பாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். அப்பா போன பிறகு அம்மா களையெடுக்கப் போனாள், அக்கா நூல் மில்லுக்குப் போனாள். மில்லுக்குப் போவதற்கு முன்னால் ஊர்க்குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகச் சுமந்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டியை நிரப்பிவிட்டுப் போவாள். தண்ணீர் சுமப்பது அவளுக்குப் புதிதில்லை. குடிக்க முடியாத தண்ணீருக்காகச் சுமப்பதுதான் புதிது.

நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் சும்மா இருக்காது. ஆவியாகப் போகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. அதனால் மிச்சம் இருக்கும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் பவளம் சுருங்கும். தானே ஊற்றிக்கொள்ளும் சின்ன மெஷின் ஒன்று உண்டு. அதை வாங்கிவிடுங்களேன் என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"அது எதுக்கு? அதான் இவ இருக்கால்ல" என்றார் மச்சான்.

காலை, மதியம், சாயங்காலம் அக்கா ஊற்றினாள். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டினாள். நுரை மெஷினின் கோப்பையைக் கழற்றிக் கழுவினாள். மீனின் கழிவெல்லாம் அந்தக் கோப்பையில்தான் கறுப்பாகச் சேரும். மூடியைத் திறந்தால் அழுகிய கருவாட்டை மூக்கில் வைத்து அழுத்தியது போல இருக்கும். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் தன் சூட்டையெல்லாம் அடுப்படிப் பக்கம் ஊதும். அது ஊதுகிற இடத்தில் நின்றுதான் அவள் சமைத்தாள்.

முதல் தடவை வயிற்றில் தங்கியது மூன்றாம் மாதத்தில் கலைந்தது. உப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது கூடத்தில் வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது மச்சான் ஆறுதல் சொன்னார். அவர் ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

"விடுங்க அத்தை. நம்ம தொட்டியிலயும் மொத செட்டு மீனு தங்கல. ரெண்டாவது செட்டுதான் தங்குச்சு."

மச்சான் எல்லாரிடமும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. மீனுக்குத் தீனி வைக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். சின்ன இடுக்கியில் இறால் துணுக்கைப் பிடித்து, பூப்போல விரிந்திருக்கும் கடல்சாமந்தி என்ற உயிரின் கைகளுக்கு நடுவில் மெதுவாக வைப்பார். "சாப்பிடுறா தங்கம். இவ்வளவுதானா? இன்னொரு வாய்" என்பார். அதற்குள் குடியிருந்த இரண்டு கோமாளி மீன்களும் அவர் விரலை வந்து தொடும். அப்போது அவர் முகத்தில் இருக்கும் கனிவைப் பார்த்து அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "என்னையக் கட்டுன அன்னைக்கு இந்த மூஞ்சி இருந்துச்சுடா தம்பி. எங்கிட்டோ வச்சுட்டாகன்னு நெனச்சேன். இங்க வச்சிருக்காக."

தொட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. அந்த வீட்டுக்குள் செம்பு வரக் கூடாது. பூசைச் செம்பு, குத்துவிளக்கு, பித்தளை அண்டா எல்லாவற்றையும் மச்சான் எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மோதிரம் போட்ட கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. ஏன் என்று அக்கா கேட்டாள். படிக்காதவள், கேட்டால்தானே தெரியும். சொல்லியிருக்கலாம். மச்சான் காட்டினார்.

அடுப்படி மேடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. புதிதாக வந்த மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வராமல் இருக்க, செம்பு மருந்து கலந்த உப்புத் தண்ணீரில் அவற்றை அந்த டப்பாவில் தனியாக வைப்பார். மீன் அதைத் தாங்கும். மச்சான் பெரிய தொட்டியிலிருந்து ஓர் இறாலை வலையில் அள்ளினார். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, நீள நீள வெள்ளை மீசை. மீன்களின் வாய்க்குள் புகுந்து சுத்தம் செய்யும் சாது. அக்கா கையை நீட்டினால் அவள் நகக்கண்ணைக்கூடச் சுத்தம் செய்யும். அதை அந்த டப்பாவில் போட்டார்.

"பாத்துக்க" என்றார்.

முதலில் அது பாட்டுக்கு நடந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். ரசத்துக்கு வரும்போது அது பின்பக்கமாகத் துள்ளித் துள்ளிச் சுவரில் மோதியது. நாங்கள் கை கழுவும்போது பக்கவாட்டில் படுத்துக் கால்களை உதறிக்கொண்டிருந்தது. அக்கா எடுத்து வெளியே விடப் போனாள்.

"தொடாத. முழுசாப் பாரு. அப்பத்தான் மண்டையில ஏறும்" என்றார் மச்சான். "ஒரு துளி செம்பு போதும். எறாலு, நத்தை, பவளம், ஒண்ணு மிஞ்சாது. கல்லு அதைக் குடிச்சு வச்சுக்கிரும். பெறகு அந்தத் தொட்டிய வச்சுக்கிட்டு வெத்தலைதான் ஊற வைக்கணும். புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுச்சுங்க" என்றாள் அக்கா.

அக்கா மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பளு தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது, இதுவும் போனால் பிறகு கஷ்டம். அம்மா நாள் எண்ண ஆரம்பித்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது எந்த வீட்டிலும் உள்ளதுதான். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். அதுவரை பிள்ளையைக் காப்பாற்றிவிட்டால் போதும், பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த மாதங்களில் அக்கா கோப்பையைக் கழுவிவிட்டு வாந்தி எடுப்பாள், வாந்தியைக் கழுவிவிட்டு மறுபடி கோப்பையைப் பொருத்துவாள். நான் முடிந்த சாயங்காலமெல்லாம் போய் வாளியைத் தூக்கினேன். காலைக்கும் மதியத்துக்கும் நான் இல்லை.

வளைகாப்பைத் தன் வீட்டிலேயே, கூடத்திலேயே, தொட்டிக்கு முன்னாலேயே வைத்தார் மச்சான். வந்தவர்களெல்லாம் பார்க்க வேண்டுமே. நாங்கள் வேன் பிடித்து, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் தேங்காய்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் குண்டான் குண்டானாகக் கட்டிக்கொண்டு போனோம். வேனில் நடு சீட்டை அக்காவுக்காக விட்டு, அதில் ஒரு தலையணையும் வைத்திருந்தாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் கண்ணாடி வளையலுக்கு முன்னால் தாய் கையால் ஒரு செப்புக் காப்பு போடுவார்கள். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது. பிறந்த பிறகு தாயே கழற்றி எடுத்து வைப்பாள். அம்மா எங்கள் இரண்டு பேரையும் சுமந்தபோது போட்டிருந்த காப்பு அது. அக்காவின் கை வீங்கியிருந்தது. அம்மா நல்லெண்ணெய் தடவி மெதுவாக ஏற்றினாள். மச்சான் அப்போது வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. பிறகு ஆளாளுக்கு வந்து சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டார்கள். அக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை சிணுங்கின. வெகு நாளைக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்தது. மச்சான் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, பம்ப் எப்படி ஓடுகிறது, நுரை எப்படி வருகிறது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"மாப்பிள்ளை, வேன்காரர் அவசரப்படுறாரு. இவளைக் கூட்டிக்கிட்டுப் பொறப்படட்டுமா?"

"எங்குட்டு?"

"நம்ம வீட்டுக்குத்தேன்."

"நீங்க கூட்டிட்டுப் போயிட்டா இதை யாரு பாக்குறது அத்தை? நீங்க வாரீகளா?" என்றார் மச்சான். கூட்டம் சிரித்தது. அம்மாவும் வேடிக்கை என்று நினைத்துச் சேர்ந்து சிரித்தாள். "பிரசவத்துக்குக் காரைக்குடியில ஆஸ்பத்திரியா இல்ல? ஒங்க ஊருல கரண்டே ஒழுங்கா வராது. இவ இங்கயே இருக்கட்டும்."

"மொதப் பிரசவம் மாப்பிள்ளை. தாய்வீட்டுல…"

"சொன்னாச் சொன்னதுதான்." அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். "இந்தா, தண்ணி எறங்கியிருக்கு பாரு. இத்தனை பேரு மூச்சு விட்டா எறங்காம என்ன செய்யும். ஊத்து."

அக்கா எழுந்தாள். சந்தனக் கையோடு சொம்பை எடுக்கப் போனாள். அந்த வீட்டில் சொம்பும் எவர்சில்வர்தான். அப்போதுதான் அவர் அந்தக் காப்பைப் பார்த்தார்.

"என்னது கையில? செம்பா?"

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"செம்பான்னு கேட்டேன். கழட்டு."

"பிள்ளை பெறக்குற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க" என்றாள் அக்கா. "நான் இந்தக் கைய உள்ள விடல. வலது கையால ஊத்துறேன்."

"அதெல்லாம் ஒங்க பட்டிக்காட்டுல வச்சுக்க" என்று சொல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். காப்பு முழங்கைப் பக்கம் ஒதுங்கியிருந்தது, அதற்கு முன்னால் கண்ணாடி வளையல்கள். அவர் இழுத்த இழுப்பில் வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று நெரிந்து உடைந்தன. பச்சையும் சிவப்புமாகத் துண்டுகள் தரையில் தெறித்தன. காப்பு விரல்முட்டிகளில் சிக்கியது. அவர் விடவில்லை. தோலோடு வந்தது. வந்த வேகத்தில் அதை மூலைப் பக்கம் வீசி எறிந்தார்.

வளைகாப்பு அன்றைக்கு வளையல் உடைவது எப்படிப்பட்ட அபசகுனம் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண்பிள்ளை வாய்விட்டு அலறினாள். எல்லார் கண்ணும் தரையில் கிடந்த கண்ணாடி மேலேயும், அக்காவின் கையில் சந்தனத்தோடு கலந்து வழிந்த ரத்தத்தின் மேலேயும்தான் இருந்தது. யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். நிமிர்ந்தபோது அக்கா அலமாரிப் பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றிருந்தாள். அழவில்லை.

பிறகு அம்மா காப்பைத் தேடினாள். சோபாவுக்கு அடியில், கதவிடுக்கில், செருப்புக் குவியலில். கிடைக்கவில்லை.

"ஒங்க சொந்தக்காரவுக யாராச்சும் மடியில முடிஞ்சிருப்பாக. பழைய செம்புக்கு இப்ப நல்ல வெலையாம்ல?" என்றார் மச்சான்.

எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். அவர்களில் ஒருத்தி அத்தனை பேர் முன்னாலும் தன் முந்தானையை உதறிக் காட்டினாள். பிறகு இன்னொருத்தி. நாங்கள் வேனில் ஏறினோம். நடு சீட்டில் காலிக் குண்டான்கள் உட்கார்ந்து வந்தன. நான் அவரைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாளைக்கும் அவள் அங்கேதானே வாழ வேண்டும் என்று மட்டும் அம்மா யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

ஒரு வாரம் போயிருக்கும். மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, நத்தையெல்லாம் கண்ணாடியில இருந்து கீழ விழுந்து கெடக்கு. வந்து தண்ணியப் பாரு."

பார்த்தேன். உப்பு சரி, அம்மோனியா இல்லை, வழக்கமாகப் பார்க்கும் மற்றவையும் சரி. நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். மச்சான் குந்தி உட்கார்ந்து ஒன்றை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

அடுத்து மிச்சமிருந்த இறால். பிறகு, தண்ணீருக்குள் ஓயாமல் கையை விரித்து மூடிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய பவளம் இருந்தது, அது கையசைப்பதை நிறுத்தியது. மறுநாள் கஞ்சி போலக் கரைந்து கல்லில் வழிந்தது. பொத்தான் பொத்தானாகப் பூத்திருந்த வேறு பவளங்கள் மூடிக்கொண்டன, திறக்கவே இல்லை. கடல்சாமந்தி சுருங்கிச் சுருங்கி ஒரு எச்சில் உருண்டை போல ஆனது. கோமாளி மீன்கள் அந்த உருண்டைக்குள் நுழையப் பார்த்து, இடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மச்சான் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். பாதித் தண்ணீரை மாற்றினார், வடிகட்டும் கரியை மாற்றினார், திரும்பப் பாதியை மாற்றினார். ஒவ்வொரு சாவுக்கும் அக்காவிடம் ஒரு கேள்வி இருந்தது.

"கையில சோப்பு போட்டியா?"

"இல்லைங்க."

"தலைக்கு எண்ண வச்சுட்டு மேல குனிஞ்சியா?"

"இல்லைங்க."

"மொளகாப்பொடி? கொசு மருந்து? என்ன எழவத்தாண்டி போட்ட? படிச்சிருந்தா நாலு வார்த்தை புரிஞ்சிருக்கும். தற்குறியக் கொண்டாந்து கடல்ல நிறுத்துனது எம் தப்பு."

"நான் ஒண்ணும் போடலைங்க" என்பாள் அக்கா. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. காயம் ஆறாத கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தவறாமல் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினாள்.

"செம்பு ஏதாவது…" என்று நான் இழுத்தேன்.

"செம்பா? இந்த வீட்டுல?" என்று அவர் என் மேல் பாய்ந்தார். "சாமி விளக்கையே வெளிய அனுப்புனவன் நான். அன்னைக்கு அவ கையில கெடந்ததைக்கூடத் தண்ணியில படவிடாம நான்தான் பிடுங்கினேன். நீ என்னத்த டிகிரி படிச்ச?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. செம்புக்கென்று தனியாகச் சோதிக்கவில்லை.

கடைசியில் கடல்சாமந்தி ஒருநாள் கல்லிலிருந்து கழன்று தண்ணீரில் புரண்டது. அவர் அதை இரண்டு கையாலும் அள்ளி வெளியே எடுத்தார். நாற்றம் கூடத்தை நிறைத்தது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். முதல் பிள்ளை போனபோது அவர் அழுது நாங்கள் பார்க்கவில்லை. அக்கா முறத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் அந்தச் சதையை முறத்தில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"இவளக் கூட்டிட்டுப் போயிரு. எங் கண்ணு முன்னாடி நிக்க வேணாம். இங்க இனிமே இவளுக்கு என்ன வேல?"

நான் ஆட்டோ பிடித்தேன். அக்கா பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். படியிறங்கும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா வாசலிலேயே ஆரத்தித் தட்டோடு நின்றாள், போன் செய்து சொன்னதிலிருந்தே நின்றாளாம்.

பிறகு தொட்டியைக் கலைக்க மச்சான் என்னைக் கூப்பிட்டார். உயிரோடு இருந்த மீன்களைக் கவரில் போட்டுச் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது. நான் மேலே உள்ள தண்ணீரை வடித்தேன். அடித்தொட்டியைக் குழாய் போட்டு உறிஞ்சினேன். பம்ப்புக்கு முன்னால் இருக்கும் தடுப்பில் ஒரு ஸ்பாஞ்சு. அதை எடுத்தபோது பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. கையை விட்டு எடுத்தேன். வட்டமாக இருந்தது. பச்சையும் நீலமுமாகப் பூத்துப் போயிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். பச்சைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

நான் அப்படியே குந்தியிருந்தேன். மச்சான் பின்னால் வந்து நின்றதை நிழல் விழுந்தபோதுதான் கவனித்தேன்.

"என்னது அது?"

கையை விரித்துக் காட்டினேன். அவர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்படி உள்ள வந்துச்சு?"

"அன்னைக்கு அலமாரி தொறந்து கெடந்துச்சு மச்சான். நீங்கதான எறிஞ்சீக."

அவர் அலமாரிக் கதவைப் பார்த்தார், பிறகு காப்பைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் போல இருந்தது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அப்போது நான் அப்படித்தான் நம்பினேன்.

காப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், அம்மா அவள் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பை நீட்டினேன். அம்மா "ஆத்தாடி" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பச்சை பிடிச்சிருச்சா?" என்றாள். பிறகு, "ஸ்பாஞ்சுக்குப் பின்னாடிதான கெடந்துச்சு?"

அம்மாவின் கை நின்றது.

"எல்லாரும் கண்ணாடியப் பாத்துக்கிட்டு இருந்தீக. எனக்குத் தண்ணியில விழுந்த சத்தம் கேட்டுச்சு" என்றாள் அக்கா. "நான் போடல. அவுக கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். நான் ஒண்ணும் போடலைங்கன்னு."

"அத்தனையும் சாகும்னு தெரியுமாக்கா?"

"அவுகதான சொல்லிக் குடுத்தாக. முழுசாப் பாருன்னாக. பாத்தேன்." அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எறாலு மட்டுந்தான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அன்னைக்கு டப்பாவுல உதறுன மாதிரியே உதறுச்சு. எங் கை தெரிஞ்சதும் நகத்தைச் சுத்தம் பண்ண வந்துச்சுடா, சாகப் போற நேரத்துல. எடுத்துப் போட்டிருக்கலாம் அந்தக் காப்பை. ஒரு தடவ குனிஞ்சாப் போதும்."

"குனியல?"

"டாக்டரம்மா குனியக் கூடாதுன்னு சொன்னாகள்ல" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அம்மா காப்போடு எழுந்து போனாள். புளியும் சாம்பலும் போட்டுக் காப்பைத் தேய்க்கும் சத்தம் கொல்லைப் பக்கம் நெடுநேரம் கேட்டது. பளபளவென்று கொண்டுவந்து, எண்ணெய் தடவி, தழும்பு ஏறிய அதே கையில் போட்டுவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி, உரத்த குரல். மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையை எட்ட நின்று பார்த்து, ஒரு வெள்ளிக் கொலுசை வைத்துவிட்டுப் போனார். அக்காவும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. குரலில் பழைய உற்சாகம்.

"மாப்ளே, புதுத் தொட்டி வந்துருச்சு. போனதவிடப் பெருசு. கல்லு, மணலு எல்லாம் புதுசு. நீ வந்து தண்ணியப் பாக்கணும். ஒங்க அக்கா பிள்ளையத் தூக்கிக்கிட்டு எப்ப வாராளாம்னு கேளு. இங்க ஊத்த ஆளு இல்ல."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்குத்தான் அம்மா நல்ல நாள் பார்த்து, காப்பைக் கழற்றி எடுத்து வைக்க எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வற்றிய கையில் அது இப்போது தளர்வாகக் கிடந்தது. அம்மா கையைப் பிடித்தாள். அக்கா மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும்மா" என்றாள். "போகும்போது போட்டுக்கிட்டே போறேன்."